தாப்பாவில் ஒரு காதுகுத்து

தாய்லாந்து மலைகளில் நான்கு வருஷம் ஊழியம் செய்துவிட்டு, அடுத்த பணித்தளமான இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு நாங்கள் பஸ்ஸில்தான் புறப்பட்டோம். ஜொகூர் வரைக்கும் பஸ், அதற்கப்புறம் பெர்ரி. விமானத்தில் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு எங்கள் மிஷனைத் தெரியாது. எங்களை எந்த நாட்டுக்கும் அனுப்புவார்கள், ஆனால் பஸ்ஸில்தான் அனுப்புவார்கள். பாத்தாமில் பிள்ளைகள் விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிவிட்டார்கள். அதனால் வழியில் ஒரு நாள்கூடத் தங்கக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

என் வீட்டுக்காரர் திமோத்தி வழியெல்லாம் கண்ணை மூடவில்லை. பாதிரியார் ஜெபத்தில் இருக்கிறார் என்று நினைத்தால் நீங்களும் என்னை மாதிரி ஏமாந்த ஆள்தான். அவர் கவலையெல்லாம் மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சிலிபினில் இருக்கும் இரண்டு சின்னக் காதுகளைப் பற்றி.

அவருடைய தங்கை ஷார்மேனின் மகள் ஜோவினாவுக்கு இரண்டு வயசு தாண்டிவிட்டது. இன்னும் காது குத்தவில்லை. குத்தினால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் என்று ஷார்மேன் ஒற்றைக்காலில் நின்றாள். தாய்மாமனோ தாய்லாந்தில். விடுப்புக்கு விடுப்பு ஏதோ ஒன்று வந்து தடுத்துவிடும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தது இவர்தான். கல்யாணத்தோடு பார்த்ததுதான், அதற்கப்புறம் போன் திரையில்தான் தங்கச்சி. இப்போது ஷார்மேனின் மாமியார் பொறுமை இழந்துவிட்டார். இந்த ஞாயிறு ஷார்மேனின் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிடுவோம் என்று சொல்லிவிட்டார். பாத்தாமுக்குப் போனால் மறுபடி எப்போது லீவு கிடைக்குமோ, யாருக்குத் தெரியும்?

அதனால் ஒரு ஏற்பாடு. ஹைவேயில் சுங்கை பேராக் ஓய்விடத்தில் பஸ் அரைமணி நேரம் நிற்கும். ஷார்மேன் குடும்பம் பத்தரோடு அங்கே வந்துவிடும். குத்தி முடித்ததும் நாங்கள் பஸ் ஏறிவிடலாம்.

பஸ் நின்றதும் என்னை மறந்து இறங்கி ஓடினார் திமோத்தி. கழிவறை வாசல், கொய்யாப்பழக் கடை, தொழுகை அறைப் பக்கம் என்று சுற்றிவிட்டு வந்தார். யாரும் இல்லை. போன் போட்டார்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"அப்பவே வந்துட்டோம் அண்ணே! கொய்யாக்கா கடை முன்னாடி நிக்கிறோம்."

"நானும் அங்கதானே நிக்கிறேன்!"

எனக்குச் சுருக்கென்றது. ஹைவேயின் அந்தப் பக்கம் பார்த்தேன். இந்தப் பக்கம் இருக்கும் அதே கூரை, அதே கடைகள். ஒரு சிவப்பு வேனுக்குப் பக்கத்தில் ஷார்மேன் துப்பட்டாவை ஆட்டிக்கொண்டிருந்தாள். நடுவே ஆறு தடத்தில் லாரிகள் பறந்தன. ஷார்மேன் புருஷன் மகேந்திரன் தினமும் ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்கு வேலைக்குப் போகிறவர். ஓய்விடம் என்றதும் தினம் காப்பி குடிக்கிற பக்கத்துக்கே வேனை விட்டுவிட்டார். வடக்கே போகிறவர்களுக்கு ஒன்று, தெற்கே வருகிறவர்களுக்கு ஒன்று என்பது அவருக்குத் தெரியாமலா? பழக்கம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"மச்சான், சோரி லா மச்சான்!" மகேந்திரன் போனில் கெஞ்சினார்.

திமோத்தி ரோட்டைத் தாண்டக் காலெடுத்தார். நான் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

"காதுகுத்துக்குப் போறீங்களா, கருமாதிக்குப் போறீங்களா?"

பஸ் ஓட்டுநர் தர்மா டீ ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவங்கள கோலகங்சார் டோல்ல எறங்கித் திருப்பி வரச் சொல்லுங்க. நான் மெதுவா போறேன். தாப்பா ஓய்விடத்துல பத்து நிமிஷம் நிப்பாட்டுறேன். ஆனா பாசெஞ்சர்ங்க சரின்னு சொல்லணும். நீங்களே கேளுங்க லா."

மூன்று கிராமத்துக்குப் பிரசங்கம் செய்த என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பஸ்ஸுக்குள் நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த மலாயில், ஒரு குழந்தையின் காதுக்காகப் பத்து நிமிஷம் தருவீர்களா என்று கேட்டேன். முன்சீட்டுச் சீனப் பாட்டி ஒருவர், "காது எத்தனை?" என்றார். இரண்டு என்றேன். "அப்போ இருபது நிமிஷம்," என்றார். பின்னால் இருந்த மலாய்க்காரப் பையன்கள் "போலே! போலே!" என்று சம்மதம் சொல்லிக் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டியபோது எல்லோர் கழுத்தும் பின்பக்கம்தான். கோப்பெங் பக்கத்தில் ஒரு பையன், "சிவப்பு வேன்!" என்று கத்தினான். வேன் எங்களை முந்தியது. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஜோவினா தெரிந்தாள். பஸ்ஸே எழுந்து கையாட்டியது. நான் போன கல்யாண மண்டபங்களிலெல்லாம் இத்தனை சந்தோஷத்தைப் பார்த்ததில்லை என்று சொன்னால் என் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

தாப்பாவில் ஒரு பெஞ்சைத் துடைத்து, திமோத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினார். பத்தர் சன்னாசி டப்பாவைத் திறந்தார். பயணிகள் சுற்றி நின்றார்கள்.

ஜோவினா மாமனை ஒரு பார்வை பார்த்தாள். வீல் என்று ஒரு அலறல். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. போனில் உள்ளங்கை அளவு இருந்த மாமா திடீரென்று தாடியும் தொந்தியுமாக வந்து உட்கார்ந்தால் நானும்தான் அலறுவேன். மிட்டாய் நீட்டினார், வேண்டாம். குரங்கு மாதிரி முகத்தைக் கோணினார், அலறல் கூடியது. மகேந்திரன் பிள்ளையைப் பிய்த்தெடுத்து மடியில் வைக்கப் பார்த்தார், அவர் கையில் கடி விழுந்தது. தர்மா இரண்டு தரம் ஹாரன் அடித்தார்.

"மாமன் மடியில உக்காந்தாத்தான் நான் ஊசிய எடுப்பேன்," என்றார் பத்தர்.

திமோத்தியின் முகம் வாடிப்போனது. "விடும்மா. ஞாயித்துக்கெழம பெரியப்பா பையன் மடியிலயே குத்திரு. பிள்ளைய அழ வைக்க வேணாம்."

ஷார்மேன் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நேராக நடந்து வந்தாள். திரும்பினாள். அண்ணன் மடியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அம்மா!" என்றார் திமோத்தி. தங்கச்சி இப்போது ஒன்றும் பூஞ்சை உடம்புக்காரி இல்லை.

"இப்ப குத்துங்க பத்தரய்யா."

"பிள்ளையில்லம்மா மடியில உக்காரணும்?"

"உக்காந்துதானே இருக்கு? நடுவுல நான் இருக்கேன், அவ்ளோதான் லா. நானும் இவரு மடியில வளந்த பிள்ளதான்."

சீனப் பாட்டிக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர், "சரிதான், சரிதான்," என்று தீர்ப்புச் சொன்னார். பத்தர் சிரித்துவிட்டார். அம்மா மடியில் இருந்ததால் ஜோவினா கொஞ்சம் அடங்கியிருந்தாள். வலது காது. அலறல். நான் மிட்டாயை வாயில் திணித்தேன். இடது காது. தங்கத் தோடு இரண்டும் ஏறியதும் பயணிகள் ஆரவாரத்தில் ஓய்விடமே திரும்பிப் பார்த்தது. மகேந்திரன் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்.

தர்மா மறுபடி ஹாரன் அடித்தார். ஜோவினா அழுகையை நிறுத்தி, லட்டைப் பார்த்து அப்பாவிடம் தாவிப் போய்விட்டாள். பயணிகள் பஸ்ஸில் ஏறத் தொடங்கினார்கள்.

ஷார்மேன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் தோளில் முகத்தை வைத்து விசும்பிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் காத்துக் கிடந்தது அந்தக் காதுகள் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

"எந்திரிம்மா, பஸ் போயிரும்," என்றார் திமோத்தி.

சொன்னாரே தவிர, அவளைக் கட்டியிருந்த கையை எடுக்கவில்லை. நான் போய் பஸ் படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டேன். என்னைத் தாண்டி யார் கதவைச் சாத்துகிறார்கள் பார்ப்போம்.