ஹெர்ஷ்பெர் கடைசியாகக் கட்டிய மெட்டு

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அந்தக் கல்யாணத்தன்று மழை பெய்தது என்பார்கள் சிலர். என் ஞாபகத்தில் இருப்பது பனி உருகிய சேறு. நான் கண்டதையும் லெய்சர் பின்னாளில் சொன்னதையும் இனிப் பிரித்தெடுக்க முடியாது.

ருஷ்யாவை ஜார் ஆண்ட காலம். போடோலியாவில் எங்கள் ஊர் யூதக் கல்யாணங்களுக்கெல்லாம் கிளாரினெட் வாசித்தவர் லெய்சர். அவருக்கு முன் வாசித்தவர் ஹெர்ஷ்பெர். மெட்டுகளைத் தானே கட்டுவார், எதையும் எழுதிவைக்க மாட்டார். வெளியூர்க்காரர்கள் திருடிவிடுவார்கள் என்று விரல்மேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். அவர் இறந்து சில வருஷம் கழித்து அவர் மகள் பேலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மணப்பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, அழவைப்பது எங்கள் வழக்கம். அழாமல் மணப்பந்தலுக்குப் போன பெண்ணை ஊர் கண்டதில்லை. பேலாவோ, "அழுகையெல்லாம் அப்பாவோட முடிஞ்சுபோச்சு" என்று முன்பே சொல்லிவிட்டாள். லெய்சரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"மாமா, அப்பா கடைசியாக் கட்டின மெட்டை வாசிங்க. முழுசா வாசிங்க."

அந்த மெட்டை லெய்சர் கேட்டது ஒரே ஒரு முறை. வண்டி பனியில் சிக்கி, இருவரும் வழிச்சத்திரத்தில் தங்கியபோது, அடுப்போரமாக உட்கார்ந்து ஹெர்ஷ்பெர் வாசித்தார். பாதித் தூக்கத்தில் கேட்ட லெய்சர், முடிவு வருமுன் கண்ணயர்ந்துவிட்டார். மறுநாள் கேட்க வெட்கம். பிறகு கேட்க ஆளில்லை. தானே ஒரு முடிவைக் கட்டிப் பார்த்தார். எது கட்டினாலும் பழைய கோட்டில் புதுத் துணி ஒட்டியது போலத் துருத்தியது. ஊரை ஏமாற்றலாம். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணை எப்படி ஏமாற்றுவது?

கல்யாணத்தன்று, மணப்பெண்ணுக்குக் கவி சொல்லும் யோய்னே தொண்டை கிழியச் சொன்னான். கூடியிருந்த பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். கல்யாண நாள் விரதத்தில் வெளுத்த முகத்தோடு பேலா மட்டும் வண்டிக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

யோய்னே லெய்சரின் காதோரம் வந்தான். "யோவ், என் கவியைக் கேட்டு என் மாமியாரே அழுதிருக்கா. இவ அசைய மாட்டேங்குறாளே."

"உன்ன மருமகனா எடுத்ததை நெனச்சு அழுதிருப்பா."

"சரி, நீ அழவை பாப்போம். உன் மூஞ்சியக் காட்டுனாலே போதும்."

லெய்சர் கிளாரினெட்டை உதட்டில் வைத்தார்.

முதல் சுரம் மூச்சா குரலா என்று சொல்ல முடியாதபடி வந்தது. அது தேம்பியது, தேம்பலுக்கு நடுவே சிரித்தது, யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டது. தான் வாசிக்கவில்லை, தனக்குள் யாரோ நடந்துபோகிறார்கள் என்று லெய்சருக்குத் தோன்றியது. மெட்டு மேலே மேலே ஏறி ஒரு விளிம்பில் வந்து நின்றது. அதற்கப்பால் அவருக்குத் தெரியாது. கட்டி வைத்திருந்த பொய் முடிவுகளில் ஒன்றுக்கு விரல் நகர்ந்தது. அவர் விரலை எடுத்துவிட்டார்.

அறை அப்படியே நின்றது. யாரும் இருமக்கூட இல்லை. லெய்சர் தலையைக் குனிந்து, மானம் போவதற்குக் காத்திருந்தார்.

அப்போது பேலா அழுதாள். தோள் குலுங்க, குழந்தை அழுவது போல.

"அப்பா இங்கதான் நிறுத்துவாரு," என்றாள். "எப்பவும் இங்கதான். 'இதுக்கு மேல எனக்கே தெரியலடி'ம்பாரு. அப்புறம் டீ கேப்பாரு."

லெய்சருக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று சத்திரத்தில் அவர் எதையும் தவறவிடவில்லை. விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மெட்டு நின்ற பிறகு இருந்த அமைதியைத்தான் இத்தனை காலம் தன் தூக்கம் என்று எண்ணியிருந்தார்.

பெண்கள் பேலாவை எழுப்பி அழைத்துப் போனார்கள். யோய்னே அன்று அதற்குமேல் கவி சொல்லவில்லை.

பேலா கணவனோடு ஒடெசாவில் குடியேறி மூன்று பிள்ளைகள் பெற்றாள். யோய்னே அமெரிக்கா போய்த் தையல் பட்டறையில் சேர்ந்தான். லெய்சர் அந்த மெட்டைப் பல கல்யாணங்களில் வாசித்தார், அதே இடத்தில் நிறுத்தினார். முதல் உலகப்போர் முடிந்த அடுத்த வருஷம் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார்.