வேடிக்கை காட்டாத அப்பா

ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கி சொன்னதும் காத்திருப்பு அறையில் இருந்த எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் உள்ளுக்குள் சிரித்தான். முகத்தில் அது தெரியவில்லை. மனைவி போனதிலிருந்து அவன் முகத்தில் எதுவுமே தெரிவதில்லை.

"எவ்ளோ நேரமாம்?" என்று கேட்டாள் பெரியம்மா.

"சொல்லலக்கா. மழையில பாதை பழுதாம். அவங்களுக்கே தெரியாது போல."

பெரியம்மா என்பது பிள்ளைகளுக்கு. அவனுக்கு அவள் மனைவியின் அக்கா. ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே ஒரு கட்டடம் நிறைய பிள்ளைகள் பெஞ்சோடு ஒட்டிக்கொள்வார்கள். இந்த இரண்டு வாண்டுகள் எம்மாத்திரம் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவள் உலகத்தில் அவள் ஒருத்திதானா?

வாண்டுகளில் மூத்தது பெண், ஆறு வயது, வீட்டில் 'வாலு'. அடுத்தது மூன்று வயதுப் பையன், 'உருண்டை'. இருவரையும் பெரியம்மா இன்றைக்குத் தன் ஊருக்குக் கூட்டிப்போகிறாள். 'கொஞ்ச நாளைக்கு' என்று பேச்சு. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, "ஆம்பளை தனியா ரெண்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்" என்று பேசி முடித்தபோது அவன் தலை தானாக ஆடிவிட்டது. அன்று எதைச் சொன்னாலும் ஆடியிருக்கும். நாலு பேர் முன்னால் ஆட்டிய தலையை ஆட்டவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள் போனால் திரும்ப மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஒரே வழிதான் மிச்சம். 'எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்' என்று அவள் வாயாலேயே வர வேண்டும்.

ரயில் நேரத்துக்கு வந்திருந்தால் அதற்கு இடமே இருந்திருக்காது.

அவன் எஞ்சினியரிங் படித்துவிட்டு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்தவன். போகும் இடமெல்லாம் காத்திருப்புத்தான்: காவலாளி சாவி கொண்டுவரும் வரை, கரண்ட் வரும் வரை, கடையிலிருந்து பாகம் வரும் வரை. மனைவி படுக்கையில் விழுந்த பிறகு பிள்ளைகளும் அவனோடு வர ஆரம்பித்தார்கள். காத்திருக்கும் பிள்ளையை மேய்ப்பது எப்படி என்று அப்படித்தான் கற்றான். மஞ்சள் டேப்பைத் தரையில் ஒட்டினால் சாலை. நாலு போல்ட்டையும் நாலு நட்டையும் கலந்து கொடுத்தால் உருண்டைக்கு ஒரு மதியமே ஓடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே லிஃப்ட் விளையாட்டு. பிள்ளைகள் குந்தியிருப்பார்கள். "மூணாம் மாடி" என்பான். மெல்ல எழும்புவார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் கதவாக விரிப்பார்கள். "யாரு நிக்கிறாங்க?" "யானை!" "எடை அதிகம், ஏத்த முடியாது. அடுத்த மாடி!"

அந்த விளையாட்டுதான் வினையானது. மனைவியின் கடைசி நாள் அன்று ஆஸ்பத்திரியில் பெரியம்மாதான் சொன்னாள்: "பிள்ளைங்க சத்தம் போடுதுங்க தம்பி. கீழ கூட்டிட்டுப் போய் ஏதாவது வேடிக்கை காட்டு. நான் இருக்கேன்ல." போனான். யானையை ஏற்றலாமா கூடாதா என்று வாலு வாதாடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நிஜ லிஃப்டின் கதவு திறந்தது. உள்ளே பெரியம்மா நின்றாள். சொல்ல வேண்டியதை அவள் முகமே சொல்லிவிட்டது. உருண்டை அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தான்.

துக்க வீட்டில், அத்தனை பேர் காதிலும் விழும்படி அவள் சொன்னாள்: "என் தங்கச்சி மேல உயிருக்குப் போராடிக்கிட்டிருந்தா. இவரு கீழ யானை குதிரைன்னு விளையாடிக்கிட்டிருந்தாரு."

நீதானே அனுப்பினாய் என்று கேட்க அன்று அவனுக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பிறகு உடம்பிலும் மனத்திலும் எல்லாம் மரத்துப்போனது, அந்த ஒரு சொல் பட்ட இடத்தைத் தவிர.

சரி, விளையாட்டுக் காட்டியதுதானே குற்றம்? இனிக் காட்டவில்லை.

இரும்பு நாற்காலிகளின் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டான். அந்தப் பக்கம் பெரியம்மா நடுவில், இருபுறமும் பிள்ளைகள், கடைசியில் செய்தித்தாளுக்குள் பெரியப்பா. அவர் ஒன்றும் வாய் பேசாதவர் அல்ல. கல்யாணமான நாளாக அவர் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

"கையைக் கட்டு. வாயில விரல் வை," என்றாள் பெரியம்மா.

இருவரும் வைத்தார்கள். பார்த்தாயா என்பதுபோல அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் பார்த்தான். புது மோட்டார் எதுவும் ஆரம்பத்தில் சத்தமில்லாமல்தான் ஓடும்.

"பெரியம்மா, விரலை எடுக்கலாமா?"

"எதுக்கு?"

"ஒரு கேள்வி கேக்கணும்."

"எடுத்துட்டுக் கேளு."

"விரலை எப்போ எடுக்கலாம்?"

செய்தித்தாள் லேசாகக் குலுங்கியது. "என்ன சிரிப்பு?" என்றாள் பெரியம்மா. "இருமல்மா," என்றது செய்தித்தாள்.

உருண்டையின் ஷூ ஒன்று கழன்று விழுந்தது. பிறகு அந்தக் காலின் காலுறை. பிறகு மற்ற ஷூ, விழவில்லை, பறந்தது. ட்ரங்குப் பெட்டி மேல் சாய்ந்து தூங்கியவர் தலையைத் தடவிக்கொண்டு எழுந்து, கூரையை அண்ணாந்து பார்த்தார். பெரியப்பா பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"அதை உள்ள வைங்க. ஃபோனைக் காட்டி வளக்குறது வளப்பே இல்ல. நான் கதை சொல்றேன். ஒரு ஊர்ல ஒரு சோம்பேறிப் பையன் இருந்தான். சொன்ன பேச்சே கேக்க மாட்டான்."

"அவனோட அம்மா எங்க?" என்றாள் வாலு.

"வீட்ல இருந்தாங்க."

"அப்புறம் அவனுக்கு என்ன குறைச்சல்?"

கதை அதோடு நின்றது. பெரியம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள், மூடினாள்.

அதற்குப் பிறகு தலைக்கு மேல் வெள்ளம். வாலு நாற்காலிகளின் மேல் பாலம் கட்டி ஓடினாள். உருண்டை குடிதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வந்தான். பிஸ்கட் கொடுத்தால் வாய் அடங்கும் என்று பெரியம்மா கொடுத்தாள். பாதி பிஸ்கட் பெரியப்பாவின் சட்டைக்குள் போனது. இரண்டாம் வாய்பாடு சொல்லச் சொன்னாள். வாலு 'ஏன் ரெண்டு?' என்று கேட்டாள்.

எதிரில் அவன் ஒவ்வொன்றையும் ஆற அமர ருசித்தான். பசித்தவன் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல அவள் கலைந்த தலையைப் பார்த்தான்.

வாலு ஓடி வந்து அவன் முழங்காலைப் பிடித்தாள். "அப்பா, லிஃப்ட் விளையாடலாமா?"

"பெரியம்மாகிட்டக் கேளு."

"அவங்களுக்குத் தெரியாதுப்பா. யானைய ஏத்திடுவாங்க."

பெரியம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்கியே தம்பி. கொஞ்சம் வந்து பாக்கக் கூடாதா?" என்றாள்.

"நீங்க இருக்கீங்கள்லக்கா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம்தான் என்று அவன் நினைத்தான். 'நீயே வைத்துக்கொள்' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வெளியே வர ஒரே ஒரு தள்ளு போதும்.

அப்போதுதான் உருண்டை அமைதியானான். பெரியம்மாவுக்கு எதிரில் வந்து நின்று ஒரு காலை மறுகால்மேல் பின்னிக்கொண்டான். கீழுதட்டை உள்ளே இழுத்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று எதிர் வரிசையில் இருந்த அவனுக்குத் தெரியும். எத்தனை கட்டடங்களில் அந்த ஒரு பார்வைக்குக் கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். 'ஒண்ணுக்குப் போகணும்' என்று உருண்டை சொல்ல மாட்டான். கேட்டால்தான் தலையாட்டுவான்.

"ஆங், இப்படி அடக்கமா இருக்கணும். உக்காரு," என்று பெரியம்மா அவனைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எதிர் வரிசையில் அப்பாக்காரன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

பயணத்துக்கென்று கட்டிவந்த வெளிர் நிறச் சேலை. மடியில் ஈரம் படர்வதைப் பெரியம்மா முதலில் உணரவில்லை. உணர்ந்ததும் துள்ளி எழுந்தாள். "சனியனே!" என்று கை ஓங்கியது, இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு அறை முழுக்க நிமிர்ந்தது.

உருண்டை அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடித்தவளைப் பார்க்கவில்லை. எதிர் வரிசையைப் பார்த்தான். அங்கே அப்பா கை கட்டி உட்கார்ந்திருந்தார். பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தான்.

இந்த அடிக்காகத்தான் அவன் காத்திருந்தான். கிடைத்துவிட்டது. எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டிய நேரம் அதுதான். காலுக்கு அது எட்டவில்லை. மரத்துப்போனது முகம் மட்டுமல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

பெரியம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையனை வாரி எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினாள். திரும்பி வந்தபோது உருண்டைக்கு வேறு கால்சட்டை, துடைத்த முகம். அவள் சேலை பாதி நனைந்து காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பையன் அவள் கழுத்தை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டு விம்மினான். அடித்த கையிடமே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறான். வேறு யார் வந்தார்கள் அவனிடம்?

அவள் நேராக எதிர் வரிசைக்கு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"நான் கூட்டிட்டுப் போகல. என் கை இவ்ளோ சீக்கிரம் நீளும்னு எனக்கே தெரியாது. நீயே வெச்சுக்கோ."

எந்தச் சொல்லுக்காகத் தவம் கிடந்தானோ அந்தச் சொல். இனிக்கும் என்று நினைத்திருந்தான்.

"அவன் காலைப் பின்னினப்பவே உனக்குத் தெரியும்," என்றாள் அவள். "பாத்துக்கிட்டே இருந்தே. இல்ல?"

"ஆமா."

"பழி வாங்கினியா?"

"ஆமா. அன்னைக்கு என்னைக் கீழ அனுப்பினது யாருக்கா? அனுப்பிட்டு ஊரு முன்னாடி என்ன சொன்னீங்க?"

பெரியப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். பெரியம்மா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"நர்ஸ் சொல்லிட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான்னு. நீ மருந்து வாங்கப் போயிருந்தே. திரும்பி வந்ததும் சொல்லியிருக்கணும். அவளைச் சின்னதுல இருந்து தூக்கி வளத்தவ நான். கடைசியா என் மடியில மட்டும் இருக்கட்டும்னு தோணிடுச்சு. அப்புறம் உன் முகத்தைப் பாக்க முடியல தம்பி. அதான் முந்திக்கிட்டு உன் மேலயே பழியப் போட்டேன்."

"ஏய், என்னடி சொல்றே?" என்றார் பெரியப்பா. அவ்வளவு நாளில் அவர் முறை அன்றுதான் வந்தது.

ரயில் வருவதாக ஒலிபெருக்கி சொன்னது. அறை காலியாகத் தொடங்கியது.

அவன் எழுந்தான். "குடுங்க."

"தூங்கப் போறான். வண்டி கிளம்புற வரைக்கும்..."

"குடுங்கக்கா."

உருண்டை வரவில்லை. கழுத்தை விடாமல் "பெரியம்மா, பெரியம்மா" என்று அலறினான். அவள் விரல்கள் தாமாக விலகின. குழந்தையின் விரல்களை அவன் ஒவ்வொன்றாகப் பிரித்தான், துருப்பிடித்த நட்டைக் கழற்றுவதுபோல, அவசரப்படாமல். அவள் கண்ணிலிருந்து வழிந்தது. துடைக்கவில்லை. அவன் வேண்டுமென்றே அதைப் பார்த்தான், கடைசிச் சொட்டு வரைக்கும்.

"லெட்டர், ஃபோன் ஏதாவது..." என்றார் பெரியப்பா பையைத் தூக்கிக்கொண்டே.

"வேண்டாம் அண்ணே. நல்லாப் போய்ச் சேருங்க."

வாசலைத் தாண்டும்போது உருண்டை அவன் தோளைக் கடித்தான். சட்டையைத் தாண்டிப் பல் இறங்கியது. அவன் கடிக்க விட்டான். எதிரில் வந்த ஒரு அம்மாள் நின்று, "பிள்ளையை இப்படியா தூக்குறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பின்னால் ரயில் கிளம்பும் சத்தம். ஜெயித்துவிட்டான். தோளில் எரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. வாலு அவன் பக்கத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றாள். தம்பியின் ஷூவை அவள்தான் மறக்காமல் எடுத்து வந்திருந்தாள்.

"அப்பா."

"ம்."

"தம்பிக்கு ஒண்ணுக்கு வந்தது உனக்குத் தெரியும்தானே?"

பெரியம்மாவுக்குச் சொல்ல அவனிடம் ஆயிரம் பதில் இருந்தது. ஆறு வயதுக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது.

"தெரியும்."

"அப்புறம் ஏன் எந்திரிச்சு வரல?"

"பெரியம்மா மேல கோபம்."

அவள் யோசித்தாள். ஷூவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கு உன் மேல கோபம்."

"எவ்ளோ நாளைக்கு?"

"தெரியல. நீ பேசாத."

அவன் பேசவில்லை. உருண்டை தேம்பித் தேம்பித் தோளிலேயே தூங்கிப்போனான். பஸ் வருவதாகக் காணோம். கேட்டால் விளையாட்டுக் காட்டுவதற்கு அவன் தயாராகத்தான் நின்றான். அவள் கேட்கவில்லை.