வைகைவாசிக்கு மாசிமகம் லீவு

1
இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு பின்னூட்டம். நான் சென்னைக்காரன், ஆண்பிள்ளை, பாண்டிச்சேரியை எட்டிப் பார்த்ததுகூட இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், நம்புங்கள்.

முதல் வரி: ‘அதிகாலைக் கடல் அவளை...’ வேண்டாம். கடலில் ஆரம்பிக்காத பாண்டிக் கதை ஒன்றாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

2
லினெட், முத்தியால்பேட்டையில் ஒரு தனியார் பள்ளி டீச்சர். 2006இல் அவளுக்கு இரண்டு வலைப்பூக்கள். சொந்தப் பெயரில் சமையல். ‘வைகைவாசி’ என்ற பெயரில், மதுரை பேங்க் ஆபீசர் வேஷத்தில், ஒரு பள்ளித் தாளாளரைப் பற்றிய நக்கல். தன் பிறந்தநாளுக்குத் தானே வாழ்த்துப்பா எழுதி, டீச்சர்களைப் பாடவைக்கிற மகான் அவர்.

சமையலை முத்தியால்பேட்டை பிரவுசிங் சென்டரில் ஏற்றுவாள். வைகைவாசிக்காக மூலக்குளம் வரை பஸ். தனித்தனி மெயில். சமையல்காரி வரிக்கு வரி ஆச்சரியக்குறி போடுவாள், ஆபீசர் போடவே மாட்டார். உளவுத்துறை தோற்றது போங்கள்!

(இவ்வளவு கெட்டிக்காரி எப்படி மாட்டுவாள்? பாத்திரப் படைப்பு பலவீனம்.)

3
மாசிமகத்தன்று சமையல்காரி எழுதினாள்: “மாசிமகம் லீவு! ஆற அமர ஆட்டுக்கறி ரகூ வைத்தேன்!”

அன்றே வைகைவாசி: “மாசிமகம் லீவு. நம் தாளாளரைக் கொஞ்சம் கவனிப்போம்.”

வந்தது பின்னூட்டம்: “சார், மதுர பேங்க்ல மாசிமகத்துக்கு ஏது லீவு? எங்க பாண்டியிலதான் உடுவாங்க.”

வைத்திக்குப்பம் கடலுக்குச் சாமிகள் குளிக்க வரும் நாளில் இந்த ஊருக்கே* லீவு. பிறந்ததிலிருந்து அதையே பார்த்தவளுக்கு, மதுரைக்காரர் அன்று வேலைக்குப் போவார் என்று தோன்றவில்லை.

*‘அந்த ஊருக்கே’ என்று திருத்த வேண்டும்.

4
தாளாளர் கிறிஸ்துதாஸ் அவளைக் கூப்பிட்டார்.

“எவனோ நம்ப ஊர்க்காரன்தான் என்னப் பத்தி எழுதுறான் டீச்சர். கம்ப்யூட்டர்லாம் உங்களுக்குத்தான் தெரியும், கண்டுபுடிங்க. நம்ப ஸ்கூல் ஆளா இருந்தா அன்னிக்கே சீட்ட கிழிச்சுடறேன்.”

“சரிங்க சார்.”

“எங்க வூட்டம்மா உங்க சமையல உடாம படிக்குது. அந்த ரகூ செஞ்சு பாத்துச்சு, பிரமாதம்.”

இரண்டு பதிவையும் அந்தம்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேலை போயிற்று.

5
முடிவு ஒன்று: வைகைவாசியை அழித்துவிடுகிறாள். சப்பென்று இருக்கிறது.

முடிவு இரண்டு: சாரிடம் உண்மையைச் சொல்ல, அவர் மனம் திருந்தி... ஐயோ, போதும்.

மூன்றாவதை எழுத நேரமில்லை. இந்த வருஷ மாசிமகம் லீவும் இன்றோடு முடிகிறது. நாளைக்கு வாழ்த்துப்பா ஒத்திகை, சார் நாலு சரணம் எழுதியிருக்கிறார்.

அடக்கடவுளே.

சரி, மேலே உளறிய வரியை அழிக்கப்போவதில்லை. அழித்து அழித்து அலுத்துவிட்டது. நான் யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. சாரும் உங்களிடம் கேட்பார், எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். என்ன சொல்லப்போகிறீர்கள்?