சர்வருக்கு மட்டும் சப்தமி

1

“அந்தச் சரிபார்க்கிறதையே நிறுத்திடேம்மா. அது இருக்கிறதாலதானே இவ்ளோ தொல்லை?”

“கேட்டுல அடையாள அட்டை கேக்கறாருன்னு வாட்ச்மேனை வூட்டுக்கு அனுப்பிடுவீங்களாண்ணே?”

இந்த இரண்டு வரிகளும் நான் எழுதியவை அல்ல. விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் அனிஷா, கம்மாபுரம் பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, கோபம் ஆறாமல் சொன்னவை. முதல் வரியைப் பேசியவர் சூளை சூப்பர்வைசர் விருத்தகிரி. மீதியில் கொஞ்சம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பனி மூடிய அந்த நகரத்தில், சூளையின் தீ மட்டும்—’

(விட்டுவிட்டேன். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில்தான் பனி பெய்யும். இங்கே லாரி கிளப்புகிற களிமண் தூசிதான்.)

பிறகு இப்படி: ‘சான்றிதழ் என்பது இரண்டு அந்நியர்களுக்கு நடுவே—’

(இதுவும் வேண்டாம். கொதித்துப்போய் இருக்கிறவளுக்குத் தத்துவம் எதற்கு?)

நேராகவே சொல்கிறேன். சூளை எரியும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதன் சூட்டளவு, சரக்கு வாங்குகிற கம்பெனியின் சர்வருக்குப் போக வேண்டும். அனுப்புகிற புரோகிராம் இங்கே ஒரு கன்டெய்னருக்குள்* ஓடுகிறது. அனுப்பும் முன், எதிர்ப்பக்கத்து சர்வர் அசல்தானா என்று அதன் டிஜிட்டல் சான்றிதழைச் சரிபார்க்கும். அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் சூளை பற்றவைத்தார்கள். ஒரு அளவுகூடப் போகவில்லை.

* துறைமுகத்துப் பெட்டி இல்லை. ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டியதையும் தனியாக அடைத்து வைக்கிற ஏற்பாடு. கடிகாரம் மட்டும் தனி கிடையாது. அது ஓடுகிற கம்ப்யூட்டரின் நேரம்தான் அதற்கும் நேரம்.

3

பிழைச் செய்தி சொன்னது: ‘சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, அல்லது இன்னும் செல்லுபடியாகவில்லை.’ எல்லோரையும் போல அனிஷாவும் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டாள். வாங்குகிற கம்பெனிக்குப் போன் போட்டாள். “இன்னைக்குத்தான் மேடம் புதுசு போட்டோம்” என்றார்கள். கன்டெய்னருக்குள் இருக்கும் நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியல் பழசாகிவிட்டதோ என்று புதிதாக ஏற்றினாள். அதே பிழை. தன் செல்போனில் அதே முகவரியைத் திறந்தாள். ஒரு சிக்கலும் இல்லாமல் திறந்தது.

பன்னிரண்டு மணிக்கு முதலாளி பாண்டியன் வந்து நின்றார். ஐந்து மணி நேரம் அளவு வராத சரக்கை அவர்கள் எடுக்க மாட்டார்கள். விட்டதைப் பிறகு அனுப்பினாலும் செல்லாது.

“ஒம் பேரைப் போட்டு அந்தக் கம்பெனிக்கு லெட்டர் அடிச்சிட்டேன். கவனக்குறைவுன்னு. மூணு மணிக்குள்ள கையெழுத்து போட்டு வை. வேலையில இருக்கறதா வேணாமான்னு அப்புறம் பேசலாம்.”

அவர் போன பிறகு, வேறு எதுவும் தோன்றாமல், கன்டெய்னரிடம் இன்றைய தேதியைக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றது. வெளியே, அது ஓடுகிற சர்வர் கம்ப்யூட்டரிலும் செவ்வாய்தான். புதன்கிழமை முதல் செல்லும் சான்றிதழைச் செவ்வாய்க்கிழமையில் நிற்கிற இந்தப் பக்கத்து சர்வர் எப்படி ஏற்கும்?

4

“தேதியை மாத்தினது யாருண்ணே?”

விருத்தகிரி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். “இன்னிக்கு அஷ்டமிம்மா. அவசர ஆர்டரு, பத்தவைக்காம இருக்க முடியாது. ரெகார்டு கம்ப்யூட்டர்லேருந்துதான வருது? சப்தமின்னு விழட்டும்னு ஒரு நாளு பின்னால தள்ளி வச்சேன். எப்பவும் செய்யறதுதான்.”

“சாமி கம்ப்யூட்டரைப் பாத்துத்தான் நாள் தெரிஞ்சிக்குமா?”

“ஒங்க வூட்ல இதெல்லாம் கிடையாது. ஒனக்குப் புரியாது.”

“எங்க வூட்லயும் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில கவிச்சி கிடையாதுண்ணே. அதுக்காக எங்கம்மா காலண்டரை வியாழக்கிழமைன்னு திருப்பி வச்சிட்டு கறிக்கொழம்பு வைக்கறதில்ல!”

தேதியைச் சரியாக்கினாள். அடுத்த அளவு போய்ச் சேர்ந்தது.

“அதான் போயிடுச்சில்ல, விடும்மா.”

“அளவு போயிடுச்சு. எம் பேரு போட்ட லெட்டரு இங்கயேதான இருக்குது?”

(விருத்தகிரியைக் கெட்டவராக்க மூன்று முறை முயன்றேன். முடியவில்லை. போன வருடம் ஒரு நவமியன்று பற்றவைத்த சூளையில் பாதிச் சரக்கு வெடித்து, அத்தனை பேச்சையும் வாங்கியவர் அவர். பயந்த மனுஷன். ஆனால் பயம் அவருடையது, கையெழுத்து அவளுடையது என்றால் அது என்ன நியாயம்?)

5

முடிவு ஒன்று: அனிஷா கையெழுத்து போடுகிறாள். (எழுதி, கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: விருத்தகிரி தானாகவே முதலாளியிடம் ஓடிப்போய்— (அப்படி ஓடுகிறவர்களை நான் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.)

மூன்றாவதை எழுதவே இல்லை. அதில் பாண்டியனுக்கு எல்லாம் தெரியும். இருந்தும் லெட்டரை மாற்ற மாட்டார். வெளியூர்க் கம்பெனிக்கு அஷ்டமி என்று எழுதுவதைவிட அனிஷா என்று எழுதுவது அவருக்குச் சுலபம்.

எது நடந்தது என்று கேட்பதற்குள் அவள் ஸ்டாப் வந்து இறங்கிவிட்டாள். எனக்குத் தெரிந்த கடைசிக் காட்சி இதுதான். இதற்கு மேல் உங்கள் பாடு.

மணி இரண்டே முக்கால். ஆபீஸ் வாசலில் பாண்டியன் யாருடனோ போனில் பேசுகிற சத்தம் நெருங்கி வந்தது. அனிஷா பேனாவை மூடி வைத்துவிட்டு விருத்தகிரி பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நீங்க ஒண்ணும் எழுத வேணாம். அவரு உள்ள வந்ததும், தேதியை நான்தான் மாத்தினேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே.”