எழுதாத பரீட்சைக்கு ஒரு பேனர்

காளவாசல் சிக்னலில் சிவப்பு விழாமல் இருந்திருந்தால் இந்துப்ரியா அதைப் பார்த்திருக்கவே மாட்டாள். பைக்கின் பின்னால் உட்கார்ந்து லினக்ஸ் கமாண்டுகளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தவள் சும்மா நிமிர்ந்தாள். எதிரே, டீக்கடைக்கு மேலே, ஒரு லாரி அகலத்துக்கு அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். பக்கத்தில் லினக்ஸின் சின்னமான பெங்குவின், தலையில் தங்கக் கிரீடத்தோடு. 'கம்ப்யூட்டர் பரீட்சையில் வெற்றிவாகை சூடிய எங்கள் பாசமிகு தங்கச்சியே!' என்று கொட்டை எழுத்து. கீழே செல்போனைக் காதில் வைத்தபடி வரிசையாகத் தலைகள். நடுத்தலை, இதோ பைக் ஓட்டிக்கொண்டிருக்கும் அவள் புருஷன் வெங்கடேஷ்பாபு.

பரீட்சை இனிமேல்தான். அதை எழுதத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

பேனர் கடை வைத்திருக்கும் மலையாண்டி, வெங்கடேஷ்பாபுவின் உயிர்ச்சிநேகிதன், ஏணியைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். இந்துப்ரியா இறங்கிப் போனாள். வீட்டில் சௌராஷ்டிர மொழியில்தான் பேச்சு. அதில் திட்டினால் மலையாண்டிக்குப் புரியாமல் போய்விடுமே என்று தமிழிலேயே ஆரம்பித்தாள்.

"அறிவிருக்கா ரெண்டு பேருக்கும்? இன்னும் எழுதவே இல்லயேண்ணே! ஃபெயிலாயிட்டா இந்த ரோட்ல நான் எப்பிடி நடப்பேன்?"

"அடுத்த வாரம் பூரா முகூர்த்தம் தங்கச்சி. மெசின் ஒரு நிமிசம் ஓயாது. அதான் முன்கூட்டியே அடிச்சுட்டேன்."

"கழட்டுங்க."

"நல்ல காரியத்துக்குக் கட்டுனத அவுக்கக் கூடாது தங்கச்சி. நீ எழுதிட்டு வா, அம்புட்டுத்தான்."

"கொஞ்சம் அவசரப்பட்டுட்ட மாப்ள" என்று வெங்கடேஷ்பாபு சொன்னானே தவிர, பேனரில் தன் முகம் விழுந்திருந்த அழகை ஓரக்கண்ணால் ரசித்துக்கொண்டுதான் இருந்தான். இந்த ஆளைக் கட்டி வைத்து உதைத்தால் என்ன என்று வந்தது அவளுக்கு.

அந்தப் பரீட்சையே ஒரு வினோதம். லினக்ஸ் என்பது யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய சாஃப்ட்வேர். ஆனால் அதைப் பராமரித்துக் கொடுத்துப் பிழைக்கிற கம்பெனி, 'இவளுக்கு இது தெரியும்' என்று ஒரு சான்றிதழ் தருவதற்கு வாங்கும் கட்டணம் இருக்கிறதே, அடேயப்பா! "சோறு ஓசி, கை கழுவத் துட்டா?" என்று வெங்கடேஷ்பாபு முதலில் கேலி செய்தான். அப்புறம் அவனேதான் கட்டினான். பரீட்சையில் கோடிட்ட இடம் நிரப்புகிற கதையெல்லாம் கிடையாது. கெட்டுப்போன ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, சரிசெய், இன்னின்ன வேலையெல்லாம் செய்ய வை என்பார்கள். கடைசியில் அதை அணைத்துப் போடுவார்கள். மறுபடி எழுந்து, செய்துவைத்ததெல்லாம் தானாக ஓடினால் பாஸ். எழவில்லையென்றால் போனதுதான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரில் தானாகவே கற்றுக்கொண்டவள் அவள். செல்லூரில் தறிகளுக்கு நடுவே வீடு. கரண்ட் எப்போது போகும் என்று அந்த மீனாட்சிக்கே தெரியாது. அதனால் கரண்ட் போய்வந்தாலும் மறுபடி தானாக ஓடுகிற மாதிரி செய்துவைப்பது அவளுக்குக் கைப்பழக்கம். பயம் வேறு இடத்தில் இருந்தது. யாருக்கும் தெரியாமல் எழுதி, தோற்றால் யாருக்கும் தெரியாமல் தோற்கலாம் என்பதுதான் அவளுடைய தைரியமே. அந்தத் தைரியத்தைத்தான் மலையாண்டி நாலு மூலையிலும் கயிறு போட்டு நடுச்சந்தியில் கட்டிவிட்டான்.

பைபாஸ் ரோட்டில் ஒரு மாடியில் பரீட்சை. சென்னையிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர் ஜெய்சன் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"மேடம், வர்ற வழியில சிக்னல்ல உங்களப் பார்த்தேன். பாஸாயிட்டீங்க போல?"

அறையே சிரித்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது. போய் உட்கார்ந்தாள்.

மதியத்துக்குள் கெட்டதைச் சரிசெய்து, கேட்டதையெல்லாம் ஓடவைத்துவிட்டாள். அணைத்துப் பார்த்துவிடுவோம் என்று ரீஸ்டார்ட் கொடுத்தாள். மெஷின் எழுந்தது, பாதியில் நின்றது. என்ன தட்டியும் நகரவில்லை. நாளைக்குக் காய்கறிக்காரி கேட்பாள், பிள்ளையின் டீச்சர் கேட்பாள், மாமியார் கேட்கவே மாட்டாள், அதுதான் இன்னும் மோசம். கண்ணில் நீர் முட்டியது. அந்தக் கலங்கலில், எங்கிருந்தோ, கிரீடம் வைத்த பெங்குவின் வந்து நின்றது. பாவம், அதற்கு மலையாண்டி ஒரு மீசை வைக்காமல் விட்டானே! பொத்திய வாயையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெய்சன் நிமிர்ந்து பார்த்தார். அவளால் அடக்க முடியவில்லை, தோள் குலுங்கியது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் திரையை ஒழுங்காகப் படித்தாள். அது பாவம் அப்போதிருந்தே தெளிவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: இல்லாத ஒரு டிஸ்க்கைத் தேடச் சொல்லியிருக்கிறாய், நான் எங்கே போவேன்? காலையில் பதற்றத்தில் அவள் தப்பாக எழுதிவைத்த ஒரே ஒரு வரி. அது கேட்ட பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போனாள், திருத்தினாள், ரீஸ்டார்ட் கொடுத்தாள். திரை இருண்டது. பிறகு வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பச்சையாக ஒரு ஓகே. வெப் சர்வர், ஓகே. மெயில், ஓகே. ஒன்றுகூடச் சிவக்கவில்லை. அவள் மூச்சை விட்டாள்.

இன்னும் அரைமணி நேரம் இருந்தது. மற்றவர்கள் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே ரோட்டிலிருந்து பழக்கமான பைக் ஹாரன் விட்டுவிட்டு அடித்தது.

"முடிஞ்சதுன்னா நீங்க கிளம்பலாம் மேடம்" என்றார் ஜெய்சன். "ரிசல்ட் மெயில்ல வரும்."

"ஒரு நிமிசம் சார்."

செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவள் இன்னொரு தரம் ரீஸ்டார்ட் கொடுத்தாள். சும்மாதான், பார்ப்பதற்குத்தான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, இரண்டு கைகளிலும் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, இருண்ட திரையில் முதல் பச்சை எழுத்து விழுவதற்காகக் காத்திருந்தாள்.