நாற்பது கிலோமீட்டர்

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முந்தின வாரம், வத்தலக்குண்டு சாலையில் வைத்து ரீனாவைப் பைக்கில் வந்த இரண்டு பேர் அடித்துத் தள்ளினார்கள். பொழுது அப்போதுதான் புலர்ந்திருந்தது. அவள் சைக்கிளில் குனிந்து நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையை ஓங்கி அவள் முதுகில் ஓர் அறை விட்டான். சைக்கிள் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கிச் சறுக்கியது. அவள் கருவேலம் புதருக்குள் போய் விழுந்தாள். எழுந்து பார்க்கையில் வண்டி எண் தெரியாத தூரத்துக்குப் போயிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ரீனா திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வயது முப்பத்து நான்கு. உடம்பைக் குறைக்கலாம் என்று தொடங்கிய சைக்கிள், சில வருடங்களில் வேறொன்றாகிவிட்டது. வேகம் அவளுக்குப் பிடித்திருந்தது. சுற்று வட்டாரத்தில் நடக்கும் பந்தயங்களில் கலந்துகொள்ள ஆரம்பித்திருந்தாள்.

முழங்கை ரத்தத்தோடு கணவன் ஆண்டனிராஜைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். ஏட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கும்மா விடியக்காலம் சைக்கிள்ல அம்புட்டுத் தூரம்? வீட்ல வண்டி இல்லையா?"

"இருக்கு சார். இது பயிற்சி."

"பயிற்சின்னா கிரவுண்டு இருக்குல்ல? அங்கன சுத்துங்க. வண்டி நம்பரும் இல்லங்கிறீங்க, நாங்க யாரைன்னு தேடுறது?"

கிளம்பும்போது அவர் ஆண்டனிராஜைத் தனியாகக் கூப்பிட்டு, "பாத்துக்கங்க சார், காலம் சரியில்ல" என்றார். அடி வாங்கியவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஆண்டனிராஜ் நல்ல மனிதர். ஹார்டுவேர் கடை வைத்திருந்தார்; கடையில் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. பத்து நாள் கழித்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள்ளேயே சைக்கிள் ஓட்டும் கருவி. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதில் மாட்டிக்கொள்ள வேண்டும். சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கும்; மேடு வந்தால் மிதி கனக்கும், இறக்கம் வந்தால் லேசாகும். எதிரே திரையில் சாலை ஓடும்.

"மழைக்காலம் வேற. இனிமே ரோடு வேணாம் ரீனா. இதுலயே ஓட்டு. எவனும் உன்னைத் தொட முடியாது," என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

அவள் நன்றி சொன்னாள். வேறு என்ன சொல்வது? ஆனால் கடைச் சரக்கு அடுக்கியிருந்த பின்னறையில், பெயின்ட் டப்பாக்களுக்கும் பிவிசி குழாய்க் கட்டுகளுக்கும் நடுவே அதை மாட்டி முதல் தடவை ஏறி உட்கார்ந்தபோது, நெஞ்சுக்குள் ஏதோ கசந்தது. தப்புச் செய்தவன் வெளியே சுற்றுகிறான். அடிபட்டவளுக்கு அறை.

கசப்பைக் காலில் இறக்கினாள். தை மாதக் கடைசியில் பழனி சாலையில் ஒரு பந்தயம் இருந்தது. ஊர் சைக்கிள் கிளப் நடத்துவது. ரெட்டியார்சத்திரம் தாண்டித் திரும்பி வர நாற்பது கிலோமீட்டர், ஆண் பெண் எல்லோருக்கும் அதே தூரம் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். ரீனா பெயர் கொடுத்தாள். கோயம்புத்தூரில் இருந்த ஒரு பயிற்சியாளர் போனிலேயே வாரா வாரம் அட்டவணை அனுப்பினார்.

முதல் மாதம் அடித்தளம். பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் நீண்ட நேரம் மிதிக்க வேண்டும்; அதற்கு மேல் போகக் கூடாது. கால் வேகம் கேட்கும், கொடுக்கக் கூடாது. அடுத்த மாதம் கடுமையானது. உடம்பு தாங்குகிற எல்லையில் எட்டு நிமிடம் மிதித்து, கொஞ்சம் ஓய்ந்து, மூச்சு அடங்குவதற்குள் மறுபடியும் அதே எட்டு நிமிடம். மார்கழியில் இன்னும் மோசம்: ஒரே நிமிடம், ஆனால் கண் இருட்டும் அளவுக்கு. இடையிடையே ஒரு வாரம் சுமையைக் குறைத்து உடம்பைத் தேறவிட வேண்டும். காலால் எவ்வளவு பலம் கொடுக்கிறாள் என்பதை வாட்ஸ் கணக்கில் திரை காட்டிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணை ஏமாற்ற முடியாது.

மழை பெய்த நாட்களில் மின்சாரம் போகும். திரை அணையும். மிதியில் பிடி போய்க் கால் வெறுமனே சுழலும். இருட்டில் வியர்வை சொட்ட உட்கார்ந்து காத்திருப்பாள். மின்சாரம் வந்ததும் திரையில் ஏதோ வெள்ளைக்காரன் ஊர் மலைச் சாலை வரும். ஓரமெல்லாம் பனி, நடுவில் சுத்தமான தார். அந்தச் சாலையில் அவளை யாரும் அடிக்கவில்லை, யாரும் ஹாரன் அடித்துச் சீண்டவில்லை. இப்படி ஒரு சாலை திரையில்தான் கிடைக்கும் என்றால் என்ன ஊர் இது என்று பற்களைக் கடித்துக்கொண்டு மிதிப்பாள்.

மூன்று மாதத்தில் ரோட்டில் ஏறியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் ஆண்டனிராஜ் காரில் பின்னாலேயே வந்தார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விட்டு, அப்படியே எண் அட்டை வாங்க ரீனா கல்யாண மண்டபத்துக்குப் போனாள். கிளப் செயலாளர் ராமர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர். உங்களுக்கு பிங்க் கலர் அட்டை. லேடீஸுக்குப் பத்து கிலோமீட்டர்னு மாத்திட்டோம்."

"நாப்பதுன்னுதானே போட்டிருந்தீங்க?"

"பாதுகாப்புக்காகத்தான் டீச்சர். ஹைவேயில லாரி வரும். நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

"அதே ஹைவேயில ஆம்பளைங்களுக்கு லாரி வராதா?"

ராமர் சிரித்தார். "கோவப்படாதீங்க. எல்லார் வீட்லயும் பேசிட்டுத்தான் முடிவு பண்ணோம். உங்க சார்ட்ட நானே பேசுனேன். தங்கமான மனுசன், உடனே சரின்னுட்டாரு."

ரீனாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. "அவர் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"நீங்கதானே குடுத்திருந்தீங்க? அவசரத்துக்குக் கூப்பிட."

விழுந்து கிடந்தால் கூப்பிடுவதற்காகக் கொடுத்த எண். அதைக் கூப்பிட்டு அவளுக்காகச் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் கையிலிருந்த பிங்க் அட்டையை மேசையில் போட்டாள். நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த பழனியம்மாள். தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம், நாற்பதைத் தாண்டியவள்.

"ஏனுங்க, எங்க வீட்ல யாருக்குப் போன் பண்ணுனீங்க தெரியுங்களா? என்ற பையனுக்கு. பன்னெண்டாவது படிக்கிறானுங்க. அவங்கிட்டப் போயி, உங்கம்மா எவ்வளவு தூரம் போலாம்னு கேட்டிருக்கறீங்களே, இது நாயமுங்களா?"

சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். பழனியம்மாள் சிரிக்கவில்லை. ரீனாவும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆண்டனிராஜ் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ராமர் உங்களுக்குப் போன் பண்ணாரா?"

அவர் கை நின்றது. "ஆமா. ரெண்டு நாளு முன்னாடி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சண்டைக்குப் போவ."

"அப்ப எனக்கு இஷ்டமில்லைன்னு தெரிஞ்சுதான் சரின்னு சொல்லியிருக்கீங்க."

"ரீனா, அன்னைக்கு நீ ரத்தத்தோட வந்து வாசல்ல நின்னதை என்னால மறக்க முடியல. எனக்குப் பயமா இருக்கு. அது தப்பா?"

"பயப்படுங்க. யார் வேணாம்னா? எனக்குப் பதிலா நீங்க எப்படிப் பதில் சொல்லலாம்? அந்த ரூம்ல மூணு மாசம் கெடந்தேங்க. வாந்தி வர்ற வரைக்கும் மிதிச்சேன். நீங்க கதவைத் திறந்து பாத்து, ஜூஸ் வச்சிட்டுப் போனீங்க. எல்லாம் எதுக்குன்னு நெனச்சீங்க? பத்து கிலோமீட்டர் போயிட்டு டாட்டா காட்டவா?"

அவர் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் ராமர்கிட்டப் பேசிப் பாக்கட்டுமா?"

"வேணாம். நீங்க ரெண்டு பேரும் பேசுனதுதான் பிரச்சனையே."



காலையில் பனி இறங்கியிருந்தது. சிறுமலை இருந்த திசையே தெரியவில்லை. ஆண்கள் முதலில் கிளம்பினார்கள். அவர்களில் கடைசி ஆள் மறைந்த பிறகு பெண்களை விட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். ரீனா முதலில் போனாள். பழனியம்மாள் அவள் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தாள்.

ஐந்தாவது கிலோமீட்டரில் சாலை நடுவே கூம்புகளை வைத்து, ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒருவர் கொடியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், இங்கன திரும்புங்க! லேடீஸ் இங்கன!"

"நான் நாப்பதுக்குப் பேர் குடுத்திருக்கேன்!" என்று கத்திவிட்டு ரீனா கூம்புக்கு இடதுபுறமாக நேரே போனாள். "நானுந்தானுங்க!" என்று பின்னால் பழனியம்மாளின் குரல் கேட்டது. இன்னும் ஒரு சக்கரச் சத்தமும் வந்தது. திரும்பிப் பார்த்தாள். காந்திகிராமத்தில் படிக்கும் ஜீவிதா. மற்றவர்கள் கூம்பைச் சுற்றித் திரும்பிவிட்டார்கள். அவர்கள் மேல் ரீனாவுக்குக் கோபம் வரவில்லை. அவரவர் வீட்டில் என்னவோ.

வெயில் ஏறிப் பனி விலகியது. மூவரும் மாற்றி மாற்றி முன்னால் போய்க் காற்றைத் தாங்கினார்கள். ரெட்டியார்சத்திரம் தாண்டித் திரும்பியதும் காற்று எதிரே அடித்தது. அங்கேதான் பின்னறையில் செலவழித்த மாதங்கள் வேலை செய்தன. காற்று தள்ளத் தள்ள, கால் தன் எல்லையைத் தெரிந்துவைத்திருந்தது. அதற்கு மேலும் போகவில்லை, கீழும் இறங்கவில்லை. முதலில் ஜீவிதா பின்தங்கினாள். பிறகு பழனியம்மாள், "நீங்க போங்க டீச்சரு, நா வந்துக்கறேன்" என்றாள். ரீனா போனாள். முன்னால் கிளம்பியிருந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் கண்ணில் பட்டார்கள். சிலரை முந்தினாள். பேகம்பூரில் கடை வைத்திருக்கும் அப்துல் ஹாதியைக் கடந்தபோது, "போங்க, போங்க!" என்று அவன் கத்தினான்.

ஓரமாக ஒரு லாரி கடந்தது. அதன் ஓட்டுநர் ஒதுங்கி வழி விட்டுப் போனார்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் இறங்கினாள். உட்கார்ந்து தண்ணீர் குடித்து, மற்ற இருவரும் வந்து சேர்ந்த பிறகு, மூவருமாக முடிவுகள் ஒட்டியிருந்த பலகைக்குப் போனார்கள். பெண்கள் பிரிவின் அடியில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றுக்கும் எதிரே 'போட்டியை முடிக்கவில்லை' என்று இருந்தது.

ரீனா மேசைக்குப் போனாள். "நாங்க நாப்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கோம். அட்டையில இருக்கிற சிப்புல நேரம் பதிவாகியிருக்கும். பாருங்க."

"திரும்ப வேண்டிய இடத்துல நீங்க திரும்பல டீச்சர். ரூல்படி ரேஸை முடிக்கல," என்றார் ராமர்.

"ரூலைக் கடைசி நேரத்துல மாத்துனது யாரு? எங்களைக் கேட்டீங்களா?"

"எல்லாம் முடிஞ்சு போச்சு. மேடையில லேடீஸ் எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் செட் இருக்கு, வாங்கிட்டுப் போங்க."

"டிபன் பாக்ஸ் வேணாம். அந்தத் தாளை மாத்துங்க."

பழனியம்மாளும் ஜீவிதாவும் அவள் இருபக்கமும் வந்து நின்றார்கள். ஒலிபெருக்கியில் சிறப்பு விருந்தினரை அழைத்தார்கள். ராமர் எழுந்திருக்கப் பார்த்தார். மூவரும் வழியை விடவில்லை. கூட்டம் கூடியது. பின்னால் ஆண்டனிராஜ் நிற்பதைக் கண்டதும் ராமரின் முகம் தெளிந்தது.

"சார், நீங்களாவது சொல்லுங்க சார் இவங்களுக்கு."

ஆண்டனிராஜ் கூட்டத்தைப் பார்த்தார். ரீனாவைப் பார்த்தார். "அவ முன்னாடிதானே நிக்கிறா? அவகிட்டயே பேசுங்க," என்றார். 

அப்போது அப்துல் ஹாதி முன்னால் வந்தான். "ராமண்ணே, இவங்க என்னை முந்திட்டுப் போனாங்க. இவங்க முடிக்கலன்னா நான் மட்டும் எப்படி முடிச்சிருப்பேன்? எம்பேருக்கு நேராவும் அப்படியே போடுங்க." இன்னும் இரண்டு மூன்று ஆண்கள், "எங்களையும்தான்," என்றார்கள்.

ராமர் தாளை எடுத்தார். கணினியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் புதுத் தாள் பலகையில் ஏறியது. அதில் மூவரின் நேரமும் இருந்தது. ரீனாவின் பெயர் முதலில்.

ஜீவிதா அதைப் போனில் படம் எடுத்தாள். பழனியம்மாள் மகனுக்குப் போன் போட்டு, "ஏஞ்சாமி, அம்மா நாப்பதும் முடிச்சிட்டேன்," என்றாள். ரீனா ஹாதிக்கு நன்றி சொன்னாள். அவன் செய்தது நல்ல காரியம்தான். ஆனால் அவன் சொன்னதையேதான் அவள் பத்து நிமிடமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வாயில் சண்டையாக இருந்தது, அவன் வாயில் நியாயமாகிவிட்டது. அந்த எரிச்சல் அடங்க மறுத்தது.

வீட்டுக்குப் போகும்போது ஆண்டனிராஜ் காரை ஓட்டினார். ரயில்வே கேட்டில் நின்றபோது, "நான் செஞ்சது தப்பு," என்றார்.

"ஆமா," என்றாள் ரீனா.

"கோவம் போயிருச்சா?"

"இல்ல."

ரயில் கடந்து கேட் திறந்தது.

"புதன்கிழமை காலையில ஜீவிதாவும் நானும் நத்தம் ரோட்டுக்குப் போறோம்," என்றாள்.

"சரி."

"நான் கேக்கலைங்க. சொல்றேன்."

அவர் கியரைப் போட்டார். "தெரியுது," என்றார்.