ஜெரினா எந்தக் கையால் சுற்றினாள்

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். டிரெயினிங் காலேஜில் படிப்பை முடித்துக்கொண்டு சபீஹா எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தாள். அங்கே பல வருஷமாக டீச்சராக இருந்த எனக்கு முதல் நாளே எரிச்சல். பிள்ளைகளைத் தாங்களே செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள விட வேண்டுமாம். பிரம்பைத் தொடவே கூடாதாம். தெரிந்ததில் ஆரம்பித்துத் தெரியாததற்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். இத்தனை காலமும் நான் தெரியாததில் ஆரம்பித்துத் தெரியாததிலேயே முடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது!

எங்களுடையது ராயபுரத்துச் சந்து ஒன்றில் இருந்த ஓட்டுக் கட்டடம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள்தான் படித்தார்கள். சபீஹா வந்த மாதமே, சுவரில் படம் காட்டும் லாந்தர் ஒன்றைக் காலேஜிலிருந்து இரவல் வாங்கி, ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அது கரண்டில் எரிகிற லாந்தர். பள்ளிக்கூடத்தில் கரண்ட் கிடையாது. வாங்குவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிள்ளைகள் அதன் கண்ணாடிக்குள் முண்டியடித்து எட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், உள்ள ஒண்ணியும் காணோமே” என்றார்கள். மறுநாள் அது வந்த வழியே போயிற்று.

“லாந்தர் இல்லாட்டி என்ன ஆலிஸ் அக்கா? இந்தத் தெருவுல கிடைக்கிறதை வெச்சே சொல்லிக் குடுக்கிறேன்” என்றாள். சொன்னபடியே செய்யவும் செய்தாள். அங்கேதான் வந்தது வினை.

அவளுடைய ஐந்தாம் வகுப்பில் ஜெரினா என்று ஒரு பெண். வாயால் கேட்டால் எல்லாக் கணக்குக்கும் விடை சொல்லுவாள். எழுதச் சொன்னால் கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுத முடியாமலேதான் போன வருஷம் பரீட்சையில் கோட்டை விட்டாள். அவளைச் சேர்க்க வந்தபோது அவள் அம்மா ரஹீமுன்னிசா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“இவளுக்குக் கையே வெளங்கல டீச்சரம்மா. சோத்தாங்கையால பீடி சுத்துனா அவுந்துகினு போவுது. பீச்சாங்கையத்தான் நீட்றா. வாயில வெக்கிற சாமான், அத்தப் போயி பீச்சாங்கையால சுத்த வுடுவனா? வூட்ல குந்திகினு இருந்தா எலைதான் பாழாவுது. இங்கியே கெடக்கட்டும்.”

அக்காமார் இருவரும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற, இவள் மட்டும் பள்ளிக்கூடம் வந்தது அப்படித்தான். கை வராததால் கிடைத்த படிப்பு அது.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் ஜெரினா தரையில் சாக்கட்டியால் கப்பல் படம் போடுவதை சபீஹா பார்த்தாள். கொடிமரம், புகைக்கூண்டு, நங்கூரச் சங்கிலி எல்லாம் அச்சு அசலாக இருந்தன. போட்டது இடது கை. சபீஹாவைக் கண்டதும் பெண் அந்தக் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். சபீஹா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை வெளியே எடுத்து, அதிலேயே பென்சிலைக் கொடுத்தாள். பிள்ளைக்கு எந்தக் கை இயல்போ அந்தக் கையால் எழுத விட வேண்டும் என்று அவள் படித்த புத்தகம் சொல்லியிருந்ததாம். இதிலே எனக்குக் கோபம் வரவில்லை. பொங்கல் லீவு முடிவதற்குள் ஜெரினாவின் எழுத்து மணி மணியாக ஆகிவிட்டதே, எப்படிக் கோபம் வரும்?

“இந்த மார்ச்சுல பாஸ் பண்ணிடுவா அக்கா. பண்ணினா ஹைஸ்கூல்ல முதல் ஃபாரம். நானே கூட்டிக்கிட்டுப் போய்ச் சேர்ப்பேன்” என்றாள் சபீஹா. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஹைஸ்கூல் வாசலை மிதித்த பெண் அதுவரை ஒருத்திகூட இல்லை. எனக்கே ஆசை தொற்றிக்கொண்டது.

ஜெரினாவுக்குப் பாக்கியிருந்தது வகுத்தல் கணக்கு ஒன்றுதான். மீதியை எங்கே போடுவது என்பதில் குழம்புவாள். அவளுக்காகத்தான் சபீஹா தெருவில் கிடைத்ததைக் கையில் எடுத்தாள். வீடுகளில் வெட்டிப் போட்ட பீடி இலைத் துண்டுகளைப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னாள். தூள் வைக்காமல் வெறும் இலையைச் சுருட்டி, நூல் கட்டி, எண்ணுகிற குச்சிகளாக்கினாள். கட்டுக் கட்டாகப் பிரித்தால் வகுத்தல். கட்டுக்குள் சேராமல் நின்றால் மீதி.

“பள்ளிக்கூடமா, பீடி மண்டியா?” என்று சத்தம் போட்டேன். அவள் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். ஜெரினா தலை நிமிராமல் இடது கையால் சுருட்டிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் ஒன்று சுருட்டுவதற்குள் அவள் இரண்டு முடித்தாள். கணக்கும் பிடிபட்டுவிட்டது.

அந்தச் சனிக்கிழமை, அம்மாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டப் போகிறேன் என்று குச்சிகளைப் பாவாடையில் முடிந்துகொண்டு ஓடினாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. சபீஹா என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

ஜெரினாவின் அப்பா உசேன் கோரைப்பாயில் படுத்துக் கிடந்தார். துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. சுவரோரமாக மூன்று பெண்கள், மூன்று முறம். மூன்றாவது ஜெரினா. இடது கை பறந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, மறுபடியும் ஓடியது.

ரஹீமுன்னிசா முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள். “வாங்க டீச்சரம்மா! மீதி எவ்ளோ சொல்லு, மீதி எவ்ளோ சொல்லுன்னு இவ ஒரே ரோதனை. எனக்கு இன்னா தெரியும் கணக்கு? சுருட்டியிருக்கிற அழகத்தான் பாத்தேன். பயந்துகினேதான் அமீருதீன் பாயாண்ட காட்டுனேன். அவுருதான் எல குட்த்து பீடி எட்த்துகினு போறவரு. பீச்சாங்கையால சுத்துனது, எடுத்துப்பீங்களான்னு கேட்டா சிரிக்கிறாரு. எந்தக் கைன்னு பீடியில எழுதியா கீதுன்றாரு!”

“பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்லேம்மா. மத்தியானம் வரைக்குமாவது அனுப்புங்க” என்றாள் சபீஹா.

“கை வெளங்காம இருந்தா. அனுப்பிச்சேன். இப்பத்தான் வெளங்கிட்ச்சே, இன்னாத்த சொல்லி அனுப்புறது?” ரஹீமுன்னிசா பாயில் கிடந்த மனிதரைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் சபீஹாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீங்க இல்லாங்காட்டி இவ கை தொறந்தே இருக்காது. அல்லா உங்க கைய நல்லா வெக்கட்டும்.”

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். வாழ்த்துகிறவளை என்ன செய்ய?

சந்து முனையில் ஜெரினா பின்னால் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

“டீச்சர், நான் சோத்தாங்கையால சுத்துனா அவுந்துபோவும் இல்ல? அப்ப அம்மா திருப்பி ஸ்கூலுக்கு அனுப்புமா?”

சபீஹா என்னைப் பார்த்தாள். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அவள் அம்மா கூப்பிட, பெண் ஓடிவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் நானும் சபீஹாவும் அந்தச் சந்து வழியாக வந்தோம். ரஹீமுன்னிசா வீட்டுக்குள் அடி விழுகிற சத்தம். அவிழ்ந்து உதிர்ந்த பீடிகளும் தூளும் வாசல்வரை சிதறிக் கிடந்தன.

“மறுக்கா சோத்தாங்கையால எலயத் தொடுவியா? தொட்டா ஒட்ச்சிடுவேன்! பீச்சாங்கையால சுத்துடி! சுத்துடின்றேன் இல்ல!”

சபீஹா அங்கேயே நின்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது.